வெள்ளைத்தலைக் கம்புகள்

மேசை ஆடுகிறதே என்று குனிந்து பார்க்க வேண்டாம் மேடம், அது என் வலது கால். சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்தால் ஆடும். அம்மா தொடையில் கிள்ளிப் பார்த்தாள். அப்பா ஸ்கேலால் தட்டிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் என் மனைவி கட்டிலின் நடுவே தலையணைகளை அடுக்கி அணை கட்டிப் பார்த்தாள். யாருக்கும் அது அடங்கவில்லை. வாக்குமூலத்தை எழுதுகிறவருக்கு எழுத்து கோணிப்போனால் சொல்லச் சொல்லுங்கள், நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. உங்கள் கண்ணாடிகூட இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தை லேசாகச் சூடு காட்டி நிமிர்த்தினால் சரியாகிவிடும். கடையில் நான் உட்காருவதில்லை. லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது, ஃபிரேமில் பொருத்துவது எல்லாம் நின்றபடிதான். உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஆடினால் கை ஆடும், கை ஆடினால் ஊரில் பாதிப் பேர் படியில் தடுக்கி விழுவார்கள்.

பறவை பார்க்கத் தொடங்கியதும் இந்தக் காலால்தான். அசையாமல் இருந்தால்தான் அவை கிட்டே வரும், அதற்காகவாவது கால் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். கால் அடங்கவில்லை, பறவைகள் பிடித்துப்போய்விட்டன. வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம் உண்டு. குழாயடியில் ஒரு தேரை, செம்பருத்திக்கு வந்துபோகிற தேன்சிட்டு ஜோடி, வேலிக்கடியில் நடமாடும் ஒரு கீரி. நான் வெளியே போய் உட்கார்ந்தால் நாற்காலி கிறீச்சிடும், சருகு நொறுங்கும், எல்லாம் ஓடிவிடும். அதனால் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றே பார்ப்பேன். நான் பார்த்த கீரி என்பது பெரும்பாலும் வேலிக்குள் நுழையும் வால்தான். அதுவே எனக்குப் போதும் என்றுதான் இருந்தேன்.

ஊருக்கு வெளியே, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற சரணாலயத்தில் நான் தன்னார்வலன். அங்கே ஒரு மேட்டின் மேல் மரக்குடில் இருக்கிறது. பறவை பார்க்கிறவர்கள் அதற்குள் ஒளிந்துகொண்டு, சுவரில் விட்டிருக்கும் நீளமான துளை வழியாகப் பார்க்கலாம். கேட்டிலிருந்து குடிலுக்குப் போக வேண்டுமென்றால் சேற்றுவெளியைக் கடக்க வேண்டும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே சேறு. சில இடத்தில் அடியில் கெட்டி மணல், சில இடத்தில் அடியே இல்லை. கடல் தண்ணீர் தினமும் ஏறி வடிவதால் கெட்டியும் இளக்கமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நீண்ட மூங்கிலால் குத்திக் குத்திப் பார்த்து, கெட்டியான இடமாகப் பார்த்து மார்பளவுக் கம்பு நட்டு, அதன் தலையில் வெள்ளை பெயிண்ட் அடித்து வழி காட்ட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் அந்த வேலையை வனக்காவலர் என்னிடம்தான் கொடுப்பார். நடந்துகொண்டே செய்யும் வேலை என்பதால் என் காலுக்கும் தோதாக இருந்தது. அந்தக் கம்புகளை நம்பிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வரிசையாக நடந்து போயிருக்கிறார்கள். யாருடைய செருப்பும் புதைந்ததில்லை.

தம்பியைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்பார்களே, அப்படி ஒருவன். பொது நீச்சல்குளத்தில் லைஃப்கார்டு வேலை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு சின்னப் பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டது தெரிந்தால் அடுத்த நிமிடம் உள்ளே இருக்க வேண்டும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நாற்காலியே குளத்துக்குள் போயிருக்கும். போன வருடம் குளத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்று மூடிவிட்டார்கள். கல்யாணம் ஆகாதவன், தனி அறையில் கிடந்தான். குளம் திறக்கும்வரை நம்மோடு வந்து இருக்கட்டுமே என்றாள் என் மனைவி. சரி என்று சொன்னவன் நான். அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

வந்த மறுநாள் காலையில் டீயை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் படியில் போய் உட்கார்ந்தான். நான் வழக்கம்போல ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கீரி வந்தது. வால் மட்டும் இல்லை, முழுக் கீரி. நேரே அவன் காலடிக்கு வந்து பெருவிரலை முகர்ந்தது. அவன் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே வந்தான்.

“அண்ணி, பூனை வளக்கறீங்களா? மூஞ்சி கொஞ்சம் கூரா இருக்கே.”

என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுச் சிரித்தாள். “பூனையா? அது கீரி, தம்பி. உங்கண்ணன் அதுக்காக வருஷக்கணக்கா இந்த ஜன்னல்ல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கறாரு. அது அவருக்கு வாலைத்தான் காட்டுது.”

நானும் சிரித்தேன். வேடிக்கையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது நடக்கும். தேன்சிட்டு அவன் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. தேரை அவன் செருப்புக்குள் தூங்கியது. அவனுக்கு ஒன்றின் பெயரும் தெரியாது. பறக்கிறதெல்லாம் குருவி, ஊர்கிறதெல்லாம் பூச்சி. நான் படித்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. எனக்கு அந்த நாட்களில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கடையில் நின்றால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் தோட்டத்தில் அவன். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டீர்களா என்று மனைவி கேட்டாள்.

ஒருநாள் அவனே என்னை வெளியே கூப்பிட்டான். “நீ ஏண்ணா உள்ளயே நிக்கற? வந்து பக்கத்துல உக்காரு. நான் இருக்கேன்ல, எதுவும் ஓடாது.”

உட்கார்ந்தேன். கீரி வேலியில் தலையை நீட்டியதும் என் கால் தொடங்கிவிட்டது. அவன் தன் உள்ளங்கையை என் முழங்கால் மேல் வைத்தான்.

“அடக்கப் பாக்காத, விட்டுடு. நீச்சல் கத்துக்க வர்ற பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் ஆடும். பயம்தான், வேறொண்ணுமில்ல.”

“எனக்கென்னடா பயம்?”

“யாருக்குத் தெரியும்? உனக்கே தெரியாம இருக்கும்.”

கால் நின்றுவிட்டது. மறைக்க வேண்டியதில்லை, நின்றுவிட்டது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அடங்காதது அவன் கைக்கு அடங்கியது. அவன் கையை எடுத்ததும் முன்னைவிட வேகமாக ஆடத் தொடங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. என் கால், நாற்பத்தெட்டு வயது வரை நான் சுமந்த கால், அவன் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அன்றைக்கு இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

சரணாலயத்துக்கு அவனைக் கூட்டிப்போனது நான்தான். கம்புகளை எப்படி இடது கைப்பக்கமே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இரண்டாவது முறை போனபோது, குடிலுக்கு முன்னால் பாதையோரத்துக் கல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான், “அண்ணா, அந்தக் கூழாங்கல்லு நாலும் ஒரே மாதிரி இருக்கே, அது என்ன?” பைனாகுலரைத் திருப்பினேன். ஆட்காட்டிப் பறவையின் முட்டைகள். ஆட்காட்டி தரையில்தான் முட்டையிடும், கல்லோடு கல்லாக. ஆள் வருவது தெரிந்தால் எழுந்து ஊரைக் கூட்டும். எத்தனையோ வருடங்களாக அந்தத் துளை வழியாகப் பார்த்தும் எனக்கு ஒரு கூடுகூடத் தட்டுப்பட்டதில்லை.

வனக்காவலர் வந்தார். தம்பி வாயைத் திறந்தான். “எங்கண்ணன் கண்டுபிடிச்சாரு, சார். எனக்குக் காட்டினாரு.” வனக்காவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பலகையில் படத்தை ஒட்டி, கீழே என் பெயரைப் போட்டார். ‘நான் இல்லை, இவன்தான்’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“போகட்டும்ணா. அது ஆட்காட்டியா கோழியான்னே எனக்குத் தெரியாது. உனக்குன்னா அது எவ்வளவு சந்தோஷம்.”

அதில் குத்தல் இல்லை, மேடம். குத்தல் இருந்திருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். தட்டில் மிஞ்சிய மிட்டாயைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளுகிற மாதிரி என் பக்கம் தள்ளிவிட்டு, ரோட்டோர நாய்க்குக் கையை நீட்டிக்கொண்டு நடந்தான். நாயும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. என்னால் அவனைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பலகையைப் பார்த்துவிட்டுப் போட்டோ எடுக்கிறவர்கள் வந்தார்கள். ஒருவர் முட்டைக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டுக்கொண்டு படமெடுத்தார். பறவை கத்திக்கொண்டு மேலே சுற்றியது. முட்டைகள் வெயிலில் கிடந்தன. அப்படிக் கிடந்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம், கூட்டம் போன பிறகு, கூட்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்புகள் நாலைந்தைப் பிடுங்கி, பாதையை வலது பக்கமாக, ஓடைப் பக்கம் திருப்பி நட்டேன். ஆட்களின் கால் கூட்டின் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். ஓடைப் பக்கம் தரை எப்படி என்று மூங்கிலால் குத்திப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். பழக்கதோஷம். மூங்கில் முழுக்க இறங்கியது.

மறுநாளே வனக்காவலர் கேட்டைப் பூட்டிவிட்டார், குஞ்சு பொரிக்கும்வரை யாரும் வரக் கூடாது என்று. சாவி அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அப்படியானால் கம்புகளைப் பழைய இடத்துக்கே மாற்றியிருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. மாற்றலாம் என்றுதான் இருந்தேன். பூட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று தோன்றியது. வேலியேறிக் குதிக்கிறவர்கள் இல்லையா?

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள், “கேட்டைப் பூட்டறவரைக்கும் அந்தச் சேத்துல தினமும் போயிட்டு வந்தீங்களே, பயமா இருந்ததில்லையா தம்பி?”

“அண்ணன் நட்ட கம்பு, அண்ணி. கண்ணை மூடிக்கிட்டு நடக்கலாம்.”

கம்பை நகர்த்தியிருக்கிறேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மேசைக்கடியில் கால் ஆடியதில் குழம்புக் கிண்ணம் தளும்பியது. அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினான். நான் இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னேன்.

அந்தக் காலைக்கு வருகிறேன். நான் விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டேன். கம்புகளை விட்டு விலகி, கெட்டித் தரை எனக்குத் தெரியும் என்பதால் நேராகவே நடந்து குடிலுக்குப் போனேன். கடல் வடிந்திருந்தது, ஏறத் தொடங்கும் நேரம். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி கேட்டைத் தாண்டி வருவது துளை வழியாகத் தெரிந்தது. கையில் அவன் அண்ணி கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்க். கம்புகளை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒழுங்காக நடந்து வந்தான். கம்பு திரும்பிய இடத்தில் அவனும் திரும்பினான். நின்று யோசிக்கவில்லை.

முதலில் முழங்கால் வரை போனது. அவன் சிரித்தான். காலை இழுக்கப் பார்த்தான், இடுப்பு வரை போனது. ஃபிளாஸ்க்கைக் கவனமாகக் கம்பின் அடியில் சாய்த்து வைத்தான். அப்புறம்தான் கூப்பிட்டான்.

“அண்ணா, இங்க கம்பு நகந்திருக்கு போல. நீ இந்தப் பக்கம் வந்துடாத. உன்னையும் இழுத்துடும்.”

இதை விடாமல் எழுதிக்கொள்ளட்டும். வராதே என்று சொன்னவன் அவன்தான். அவன் சொன்னதை நான் மீறவில்லை.

“பதறாத, என்ன? குடில்ல பலகை இருக்கும்ல, அதை எடு. படுத்துக்கிட்டே முன்னாடி தள்ளிக்கிட்டு வா. அவசரமே இல்ல.”

நீச்சல் குளத்துப் பிள்ளைகளிடம் பேசுகிற குரல். நான் பதறுவேன் என்று அவனுக்குக் கவலை. பலகை என் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தது, பக்கத்தில் கயிறு. இப்படி யாராவது மாட்டிக்கொண்டால் எடுப்பதற்கென்றே வைத்திருப்பது. அந்த ஆணியை அடித்தவனும் நான்தான்.

வேறு யாராவது இந்த இடத்தில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்று சொல்வார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ஆட்காட்டி எழுந்து கத்திக்கொண்டிருந்தது. நானும் வெளியே போனால் அது கூட்டுக்குத் திரும்பாது, முட்டை போய்விடும் என்று நினைத்தேன். தன்னார்வலர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: பார்க்கலாம், தலையிடக் கூடாது. பெஞ்சின் மேல் போன் அதிர்ந்தது. குடிலுக்குள் போனின் சத்தத்தை நிறுத்தி வைப்பது விதி, ஆனால் பெஞ்சு மரத்தில் அந்த அதிர்வுக்கே ஒரு சத்தம் வருகிறது. எடுத்து என் தொப்பியின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது. அவன் போன் நனைந்திருக்கும்.

கடல் தண்ணீர் ஆரவாரமில்லாமல் ஏறும். ஓடை நிரம்பி, சேற்றின் மேல் ஒரு பளபளப்பு மாதிரி பரவியது. அவன் திட்டவில்லை, அழவில்லை. அண்ணா, அண்ணா என்று இடைவெளி விட்டுக் கூப்பிட்டான். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, “உனக்கு ஒண்ணும் இல்லயே?” என்று ஒரு முறை கேட்டான்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். என் போனைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். ஆமாம், அன்றைக்குக் காலையில் அவனைக் கூப்பிட்டது நான்தான். குடிலுக்குள் நுழைந்தவுடனே கூப்பிட்டேன். “குஞ்சு பொரிச்சாச்சுடா, உடனே வா” என்றேன். அவன் செருப்பைத் தேடும் சத்தம்கூடக் கேட்டது. அண்ணியிடம் சொல்லிக் கத்தினான், அவ்வளவு சந்தோஷம்.

பொய் சொல்லிக் கூப்பிடவில்லை. உண்மையாகவே பொரித்திருந்தது. ஆட்காட்டி முட்டை ஓட்டை அலகில் கவ்விக்கொண்டு தூரப் போடுவதற்காகப் பறந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த ஜாதிக் குஞ்சுகள் கூட்டில் தங்காது; உடம்பு காய்ந்ததுமே எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். முட்டைக்காக என்று இவ்வளவு நேரம் சொன்னீர்களே என்கிறீர்கள். முட்டை இருந்தவரை அது உண்மைதான். அன்றைக்கு முட்டை இல்லை. காப்பாற்றுவதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை, அவனைத் தவிர.

அவனிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் உண்மை. கண்டுபிடித்தவன் அவன் அல்லவா. கேட்டின் பூட்டை அவனுக்காக நான் வரும்போதே திறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

தண்ணீர் தோளுக்கு ஏறியதும் அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினான், தோட்டத்துப் படியில் முணுமுணுப்பானே, அது. அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த ஆட்காட்டி சத்தத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கியது. அவன் கைக்கு எட்டாத தூரத்தில், கல்தரையை ஒட்டி ஒரு சின்ன மணல் திட்டு. அதில் போய் நின்றது. கல்லுக்குள்ளிருந்து கல் எழுந்த மாதிரி நாலு குஞ்சுகளும் அதன் பின்னாலேயே நடந்து போயின. அப்போதும் அவனிடம்தான் போயின. அவனும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் சமமாகும்வரை, கம்பின் வெள்ளைத் தலை மட்டும் தெரியும்வரை பார்த்தேன். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு கிறீச்சிடவில்லை என்பது வெகு நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. குனிந்து பார்த்தேன். என் கால் ஆடவே இல்லை, மேடம். யாரும் கை வைக்காமலே நின்றிருந்தது. தம்பி பார்த்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பான்.